சோற்றுப் பானையில் சோதித்த மீட்டர்

ஷரீப் அண்ணன் டீயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். உத்தமபாளையம் கார் ஸ்டாண்டில் பதினோரு வருஷம் அவர் வண்டிக்குப் பக்கத்தில்தான் என் வண்டி நின்றது. நான் நீட்டிய வெற்றிலையை ஒரு நாளும் அப்படியே வாங்கிப் போட்டதில்லை, பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். காவலுக்கென்று கோம்பையிலிருந்து நாய் வாங்கினார். அது யாரையாவது பார்த்து வாலாட்டினால் போச்சு, "நாம இல்லாதப்ப இவன் வீட்டுப் பக்கம் வந்திருக்கான்" என்று அந்த ஆளை ஒரு வாரம் முறைப்பார். ஒரு தடவை என்னைப் பார்த்து வாலாட்டிவிட்டது. அந்த வாரத்தை நான் மறக்கமாட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவருடைய அம்பாசடர் புகைய ஆரம்பித்தது. மெக்கானிக் கர்ணன் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, உடைக்கப்போன ஒரு வேனின் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்தான். ஒன்பது நாள் வேலை. ஒன்பது நாளும் அண்ணன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் பாஜிலாவைக் குமுளியில் கட்டிக்கொடுத்திருந்தார், தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். அந்தப் பழைய காரில் மலையிறங்க வேண்டாம், எங்கள் ஜீப்பிலேயே அனுப்புகிறோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "எவன் ஓட்டுற வண்டியிலயோ எம்புள்ள வரணுமா? நான் போய்த்தான் கூட்டியாருவேன்" என்றார்.

இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் காரில் இருந்த பழைய டெம்பரேச்சர் மீட்டர் புது இன்ஜினுக்குச் சேரவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததுமே முள் சிவப்பில் போய் நின்றது. ஹெட்டில் விரிசல் விட்ட இன்ஜினைத் தலையில் கட்டிவிட்டான் என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார்.

கர்ணன் தலையில் அடித்துக்கொண்டு, டிராக்டருக்கு மாட்டுகிற மீட்டர் ஒன்றை வாங்கி வந்தான். அதற்கு வயர் கிடையாது. முதுகிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் நீளும், நுனியில் விரல் தண்டிக்கு ஒரு குமிழ். குமிழ் இன்ஜின் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அந்தச் சூட்டுக்கு முள் நகரும். குமிழின் திருகுமரை இன்ஜினில் சேராததால் லேத்தில் கொடுத்துப் பித்தளை நட்டு ஒன்றும் கடைந்து வந்தான்.

"கரண்டே இல்லாம எப்பிடிலே வேலை செய்யும்?"

அண்ணன் மீட்டரைப் பிடுங்கிக்கொண்டு, சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி லத்திபா அக்கா உலை வைத்திருந்தாள். கொதிக்கிற பானைக்குள் குமிழை விட்டார். முள் ஏறி நூறில் நின்றது. எடுத்தால் இறங்கியது. மறுபடி விட்டால் மறுபடி நூறு. ஏழு தடவை பார்த்தார். அந்தச் சோறு நாய்க்குப் போனது. நாயும் முகர்ந்து பார்த்துத்தான் தின்றது. "இது பொய் சொல்லாது" என்றார் அண்ணன். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

கர்ணன் அதை மாட்டிவிட்டுச் சொன்னான்: "மாமா, முள்ளு ஏறுனா நிப்பாட்டுங்க. திடீர்னு எறங்குனாலும் நிப்பாட்டுங்க. தண்ணி போயிருச்சுன்னா குமிழ் காத்துல தொங்கும், கம்மியாத்தான் காட்டும்."

அண்ணன் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "கேட்டியா? ஏறுனாலும் நிக்கணுமாம், எறங்குனாலும் நிக்கணுமாம். நாளைக்கு இன்ஜின் போனா எம்மேல பழியப் போட இப்பவே வழி பண்றான்."

ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ்களில் கர்ணன் முடுக்கிய கிளிப்புகளையும் அவர் நம்பவில்லை. தினமும் காலையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்து ஒவ்வொன்றையும் அரைச் சுற்று முடுக்குவார். "ரப்பரை அறுத்துரும்ணே" என்று ஒரு நாள் சொன்னேன். பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பாஜிலாவை அழைக்கக் கிளம்பினோம். அக்கா முன்னால், நான் பின்னால். லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறியதும் முள் எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று போனது. அண்ணன் ரோட்டைவிட மீட்டரைத்தான் அதிகம் பார்த்தார். ஒரு வளைவில் முள் சடசடவென்று அறுபதுக்கு இறங்கியது.

"பாத்தியாலே! மலைக்காத்து பட்டதும் எப்பிடிக் குளுந்துருச்சு!"

"ஏங்க, எறங்குனாலும் நிப்பாட்டச் சொன்னான்ல கர்ணன்?" என்றாள் அக்கா. "என்னமோ கருகுற வாடையும் வருது."

"அவன் பேச்ச நீயும் நம்புறியா?"

எனக்கும் வாடை வந்தது. சொல்லியிருக்க வேண்டும். அவர் முறைத்த அந்த வாரம் ஞாபகம் வந்து சும்மா இருந்துவிட்டேன். இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

அடுத்த வளைவில் இழுவை குறைந்தது. கடகடவென்று ஒரு சத்தம், இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பானட்டைத் தூக்கினோம். கீழ் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வட்டமாக அறுந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அண்ணன் அந்த அறுப்பை விரலால் தடவிப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை.

"இருபத்தி மூணு வருசமா என்னைய நம்பல, வேலை செஞ்சவன நம்பல," என்றாள் அக்கா. "ஒரு முள்ளப் போயி நம்புனீகளே."

நான் லாரி பிடித்துக் குமுளிக்குப் போய்ச் சொன்னேன். மதியம் சம்பந்தி வீட்டு ஜீப் பாஜிலாவோடு இறங்கி வந்து காருக்குப் பக்கத்தில் நின்றது. நானும் அதில்தான் வந்தேன். "அத்தா, ஏறுங்க" என்றாள் பாஜிலா.

அண்ணன் டயரைக் குனிந்து பார்க்கவில்லை, டிரைவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கார் சாவியை என் கையில் வைத்து, "கர்ணன் வந்தாக் குடு" என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இந்த வண்டியில போலாமா, லத்திபா?"

"போலாம்."

"நீ சொன்னாச் சரி" என்று ஏறி உட்கார்ந்தார்.