அட்டையிலிருக்கும் முகம்

இன்று காலை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போன பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என்னோடு அண்ணனின் மகள் தர்சினியும் வந்திருந்தாள்.

அவளுடைய அடையாள அட்டையில் பதினாறு வயதுப் பூரித்த முகம். எதிரே நின்றது கன்னம் ஒட்டிய பத்தொன்பது வயதுப் பிள்ளை. ஆறு மாதமாக இரவுச் சாப்பாடு தொடுவதில்லை.

"இது நீ இல்லை" என்று பெண் பொலிஸ் சிங்களத்தில் சொல்லி, அவளைத் தனியாக நிறுத்தினாள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

நான் சும்மா நிற்பவனா? என் சிங்களத்துக்கு மந்திரிமாரே எழுந்து நிற்பார்கள். கையிலிருந்த உங்கள் பேப்பரை விரித்தேன். தங்கள் உடம்பு அழகில்லையென்று பையன்கள் புஜம் பருக்க மாத்திரை விழுங்குகிறார்களாம், பெண்பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்களாம். முழுப் பக்கம்!

"நோனா, இவளும் அந்தக் கேஸ்தான்" என்று பொலிஸ் அம்மணிக்குப் பிரசங்கமே செய்தேன். சாவடியே வாய்பிளந்து கேட்டது.

பொலிஸ்காரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கட்டுரைக்கு மேலே போட்டிருந்த ஒல்லி அழகியின் படத்தையே பார்த்தாள். பிறகு தர்சினியைத் தங்கச்சி முறை சொல்லி மெல்லக் கேட்டாள்: "நங்கி, எப்படி இவ்வளவு மெலிந்தாய்?"

இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் விட்டார்கள். புது அட்டை எடுக்கும்வரை வெளியே திரியக்கூடாதாம்.

"அதுக்கு மாசக்கணக்காகும் பிள்ளை. நல்லாச் சாப்பிட்டுப் பழைய முகத்துக்கு வா" என்றேன்.

"வேண்டாம் சித்தப்பா. நான் வீட்டுக்குள்ளயே இருக்கிறன். அந்த முகத்தோட ஒருக்காலும் வெளிய வரமாட்டன்."

வீடு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆசிரியரே, அவளுக்கு என்ன சொல்வது, உங்கள் பேப்பரில் எழுதுங்கள். 'சாப்பிடு' என்று மட்டும் எழுதவேண்டாம்.