மூலையில் போடாத இரண்டு சொற்கள்

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அந்த போன் வந்தது. கொல்லிமலைமேல், செம்மேட்டில், மளிகைக்கடை மாடியில் எங்கள் கேபிள் சேனலுக்கு ஒரே ஒரு அறை. ஐந்து மணிச் செய்திக்காக மிளகு விலையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். செய்தி எழுதுவது, வாசிப்பது, திரையின் கீழே ஓடும் வரியைப் போடுவது எல்லாம் நான்தான். நிருபர் ஒருவர் உண்டு. அவர்தான் பேசினார். அடிவாரத்திலிருந்து ஏறிய மூன்று மணி பஸ் ஒரு வளைவில் விபத்தாகிவிட்டதாம், போய்ப் பார்த்து வீடியோ அனுப்புகிறேன் என்றார். எந்த வளைவு என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

அந்த பஸ்ஸில் என் மகள் வருவாள். நாமக்கல்லில் கல்லூரி, இரண்டாம் வருடம். தினமும் அதே பஸ்.

மலைப்பாதையில் பல வளைவுகளில் செல்போன் எடுக்காது. வீடியோ எடுத்தாலும் சிக்னல் இருக்கும் இடம் வரை நிருபர் ஏறி வந்தால்தான் அனுப்ப முடியும். அதுவரை திரையைக் காலியாக விடக் கூடாது என்பதற்காக எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் வேறொரு விபத்தின் காட்சியை ஓடவிட்டு, மூலையில் ‘பழைய காட்சி’ என்று போடுவோம். முதலாளி போனில் அதைத்தான் செய்யச் சொன்னார். கூலி வேலைக்கு ஆள் ஏற்றிப் போன வேன் ஒன்று போன வருடம் பள்ளத்தில் உருண்டது. அதை எடுத்து ஓடவிட்டேன். புதருக்குள் கவிழ்ந்து கிடக்கும் வண்டியின் அடிப்பாகமும் சக்கரங்களும்தான் தெரியும். வேனா பஸ்ஸா என்று சொல்ல முடியாது. கீழே ‘கொல்லிமலைச் சாலையில் பஸ் விபத்து’ என்று தட்டினேன். மூலையில் போட வேண்டிய இரண்டு சொற்களைப் போடவில்லை.

ஒரு கை மகளின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. கணவருக்குச் சொல்லவில்லை. அவர் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருப்பார். மரத்தில் இருக்கும்போது கேட்டால் விழுந்துவிடுவார் என்று தோன்றியது.

பிறகு ஆபீஸ் போன் அடிக்கத் தொடங்கியது. மலையில் எது நடந்தாலும் ஜனங்கள் முதலில் எங்களிடம்தான் கேட்பார்கள். இங்கே சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அரியூர் நாட்டிலிருந்து ஒருவர், வாழவந்தி நாட்டிலிருந்து இரண்டு பேர். செய்தி வாசிக்கும் அதே குரலில், விவரம் தெரிந்ததும் போடுகிறோம் என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியே மிளகு என்ன விலை போகிறது என்று விசாரித்தார். சொன்னேன். வாய் தானாகவே சொன்னது.

பெரக்கரை நாட்டிலிருந்து ஒரு அம்மா பேசினார். “ஏனுங்க, டிவி ஆபீஸுங்களா? பஸ்ஸு பள்ளத்துல கவுந்து கெடக்குதுங்களே. எம் பையன் அதுலதான் வாரானுங்க.”

பள்ளத்திலா என்று கேட்டேன்.

“ஆமாங்க. சக்கரமெல்லாம் மேல பாத்துட்டுக் கெடக்குது.”

நிருபர் பள்ளம் என்று சொல்லவே இல்லை. ஆனால் இந்த அம்மாவுக்கு யாரோ நேரில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று நம்பினேன். என் திரையைப் பார்த்துத்தான் அவர் சொல்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. போனை வைத்துவிட்டு மானிட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். காட்சி முடிந்து முடிந்து திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. புதர்களுக்கு நடுவே மகளின் பச்சைப் பையைத் தேடினேன். நானே எடுத்துப் போட்ட பழைய வேன் அது. தெரிந்துகொண்டேதான் தேடினேன். ஒரு செருப்பு தெரிந்தது. அவளுடையது இல்லை என்று முடிவு செய்ய, அதே இடத்தை நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நிருபர் பேசினார். பஸ் தடுப்புச் சுவரில் மோதி அப்படியே நின்றுவிட்டதாம். பள்ளத்தில் விழவில்லை. சிலருக்குச் சிறு காயம், மற்றவர்கள் மேலே நடந்து போய்விட்டார்களாம். சரிங்க என்றேன். அவர் சொன்னது காதில் விழுந்தது, அதற்கு மேல் எங்கும் போகவில்லை. எழுந்து காட்சியை மாற்ற வேண்டும். மகளின் எண்ணைத்தான் மறுபடி அழுத்தினேன்.

படியில் சத்தம் கேட்டது. கதவில் மகள் நின்றாள். நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தாள், ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அவளும் கிட்டே வரவில்லை. அவள் பார்வை எனக்குப் பின்னால் மானிட்டரில் இருந்தது.

“அம்மா, மொதல்ல அந்த வேனை நிறுத்துங்க” என்றாள். “அதுல செத்தவரு எங்கூடப் படிக்கிற புள்ளையோட அப்பா. பஸ்ஸுல இருந்து எறங்கி நாங்க ரெண்டு பேரும்தான் டீக்கடைக்கு நடந்தோம். அங்க டிவியில இதுதான் ஓடுது. அவ பாத்துட்டே ஒக்காந்திருக்கா. நான் கூப்புட்டா எந்திரிக்க மாட்டேங்குறா.”