கேசட்டில் இல்லாத அலறல்

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பாலில் தண்ணீர் விடவில்லை என்று பால்காரர் சத்தியம் செய்தால், அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவள், எழுபதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு ராக் இசைக்கு ரசிகையானேன்.

துறைமுகத்துக் கப்பல்காரர்கள் கொண்டுவரும் வெளிநாட்டு இசைத்தட்டுகள் பஜாரில் ஒரு கடைக்கு வந்து சேரும். கடைக்காரரை எல்லோரும் இக்கா என்பார்கள். வெற்றுக் கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார். பெண் பிள்ளை அங்கே போய் நிற்பதாவது! மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதிவந்த அப்பாதான் வேலை முடிந்து வரும் வழியில் கேசட்டைக் கொடுத்து வாங்கி வருவார்.

அந்தக் கேசட்டுகளில் ஏதோ கோளாறு இருந்தது. பாடகர் குரலை ஏற்றிக்கொண்டே போவார், கிட்டார் விம்மத் தொடங்கும், இதோ வரப்போகிறது என்று நான் நிமிர்ந்து உட்காருவேன். 'டக்'. அடுத்த நொடி அதே பாடகர் ஒன்றுமே நடக்காதது போல அடுத்த அடியைப் பாடிக்கொண்டிருப்பார். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒருமுறை சிற்றலை வானொலியில் வந்தது. அந்த 'டக்' இடத்தில் கிட்டார் தனியாகக் கிளம்பியது. இரைச்சல் வந்து அதை விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த இடத்தை முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை.

இக்காமேல்தான் சந்தேகம். தேய்ந்த தட்டை வைத்துக்கொண்டு காதில் பூ சுற்றுகிறார் என்று பொருமினேன். அப்பாவிடம் சொன்னால், தட்டில் கீறல் இருக்கும், விடு என்பார்.

அப்புறம் பங்க் என்ற புது ராக் வந்தது. நீண்ட பாட்டுகளும் நீண்ட கிட்டார் வாசிப்பும் அலுத்துப்போய் இங்கிலாந்துப் பையன்கள் கலகம் செய்கிறார்கள், மூச்சுவிடாமல் கத்தி மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள் என்று எர்ணாகுளம் கல்லூரியில் தோழி ஒருத்தி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கு அலுத்துப்போன அந்தக் கிட்டாரை நான் இன்னும் கேட்கவே இல்லையே! ஆனாலும் இத்தனை சின்னப் பாட்டில் இக்கா எதை வெட்டுவார் என்று தெம்பாக, அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன்.

கேசட் வந்தது. "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று ஒருவன் எண்ணினான். 'டக்'. மறுபடி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்". 'டக்'. கேசட்டின் அந்தப் பக்கம் முழுக்க எண்ணினார்களே தவிர, ஒருத்தரும் பாடவில்லை.

மறுநாள் கல்லூரியிலிருந்து வந்து படகுத்துறையில் இறங்கியதும் நேரே கடைக்குப் போனேன். இக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"மோளே, வெட்டினது ஞானல்ல. அச்சன் இவிட இருந்து முழுக்கக் கேட்கும். பின்னே ரெக்கார்டிங் சமயத்து கை காட்டும், ஞான் நிறுத்தும்."

மூலையில் அப்பா உட்காரும் ஸ்டூலையும் காட்டினார். இத்தனை நாள் ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு வீட்டுக்குள் ஒரு ஆளைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அப்பா பேப்பரை இறக்கவில்லை.

"சுவருக்கு அந்தண்டை மனுஷா இருக்கா. கல்யாணத்துக்கு நிக்கற பொண் இருக்கற ஆத்துலேந்து இப்படி அலறல் கேட்டா என்ன நினைப்பா?"

கத்தத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வேறொன்று உறைத்தது. எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டுமானால் முழுதும் கேட்டிருக்க வேண்டும். என் பாட்டுகளையெல்லாம் முழுசாகக் கேட்டவர் இந்த வீட்டில் இவர் ஒருவர்தான்.

"அந்தப் பாட்டுல கிட்டார் என்ன வாசிக்கறதுப்பா?" என்றேன்.

எந்தப் பாட்டு என்று அவர் கேட்கவில்லை. அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பேப்பரை மடித்து வைத்து, கண்ணை மூடி, கச்சேரியில் போலத் தொடையில் தட்டியபடி, மெல்ல முனக ஆரம்பித்தார். ஏறி, வளைந்து, இறங்கி, எங்கேயும் தடுமாறாமல் போனது. என் கோபம் துளியும் குறையவில்லை. ஆனாலும் கடைசிவரை நின்று கேட்டேன். முடிந்ததும் அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி எர்ணாகுளத்தில் வைட்டிலாப் பக்கம் குடியிருந்தபோது, அந்தப் பாட்டின் இசைத்தட்டே கைக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அப்பா முனகியது சுரம் பிசகாமல் அப்படியே வந்தது. அது உச்சிக்குப் போனதும், கிட்டாரோடு சேர்ந்து பாடகரும் தொண்டை கிழிய ஒரு அலறல் அலறினார்.

அந்த அலறல் அப்பா முனகியதில் இல்லை. அங்கேயும் வெட்டியிருந்தார்.