சில தடைகளுக்குப் பின்

சூடு ஆறாத நகல்தாளுக்கு ஒரு வாசம் உண்டு. கருகின துணியும் மருந்தும் கலந்தது மாதிரி. அந்த வாசத்தோடுதான், இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில், நான் எட்டாம் வகுப்பு முடிக்கவிருந்த வருடம், ஒரு கறுப்பின அமெரிக்கப் பொருளியலாளர் என் கைக்கு வந்து சேர்ந்தார். இறுதித் தேர்வில் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்றைப் பற்றி வாய்விட்டு விளக்க வேண்டும். ஒருத்திக்கு எரிமலை, இன்னொருவனுக்குக் காற்பந்து என்று பங்கிட்டுக்கொண்டு வந்த வரலாற்று ஆசிரியை, என் தோளில் கைவைத்து, "இவர் உனக்கு நெருக்கமானவர்" என்றார். மன்னாரிலிருந்து வந்த குடும்பத்துக்கும் அமெரிக்காவுக்கும் என்ன நெருக்கம் என்று உலக வரைபடத்தில் தேடினேன். அது வரைபடத்தில் இல்லை, என் தோலில் இருக்கிறது என்று பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. நான் அவ்வளவு கெட்டிக்காரி.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அப்போது நான் அதை உச்சரித்த விதத்துக்கு இதுவே பரிகாரம். ஒன்றரைப் பக்கத்தில் ஒரு முழு வாழ்க்கை: துணி வெளுத்துக் கொடுத்தவளின் மகள், பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர், வீடுகளில் வேலைசெய்யும் பெண்களின் உழைப்பு நாட்டின் செல்வத்தில் ஏன் சேர்வதில்லை என்று கேட்டு நூல் எழுதியவர், சில தடைகளுக்குப் பின் பேராசிரியர் ஆனவர். பட்டத்துக்கும் பதவிக்கும் நடுவே பத்தொன்பது வருடம். அதை யாரோ மூன்றே சொல்லில் முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். என்ன தடைகள் என்று ஆசிரியையிடம் கேட்டேன். "அது தேர்வுக்கு வராது" என்றார்.

அதற்கு முன்பே இன்னொரு தாள் வீட்டுக்கு வந்திருந்தது. அடுத்து எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்று ஆசிரியர்கள் எழுதித் தரும் "கொன்சீல்யோ". என் புள்ளிகள் நல்லவை. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் "லிச்சேயோ"வுக்குப் போகத்தான் ஆசை. தாளில் ஹோட்டல் பள்ளி என்று இருந்தது. காரணமும் இருந்தது: குடும்பத்தில் சமையலறை அனுபவம். அப்பா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"ரீச்சர் எழுதினதுக்கு நாங்கள் என்ன மறுகதை கதைக்கிறது? யோசிச்சுத்தானே எழுதியிருப்பா" என்று அப்பா கையெழுத்து வைத்தார்.

"எனக்குச் சோறு வடிக்கவே தெரியாது அப்பா."

"அதுக்குத்தானே பள்ளிக்கூடம்."

நாலு வீடு கூட்டித் துடைத்துவிட்டு வந்திருந்த அம்மா, "ரெண்டு பேரும் சத்தம் போடாதேங்கோ, கீழ்வீட்டு சிஞ்ஞோரா ஏசப்போறா" என்றார். என் எதிர்காலம் பற்றிய குடும்ப ஆலோசனை அவ்வளவில் முடிந்தது.

வாய்மொழித் தேர்வை அங்கே யாரும் வந்து கேட்கலாம். அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் சட்டையோடு கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். "சில தடைகளுக்குப் பின்" என்ற இடம் வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. தெரியாத இடத்தைத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பினேன்: அவரைக் கூப்பிட்டு மிக மரியாதையாகச் சொன்னார்கள், உங்கள் குடும்பத்தில் சமையலறை அனுபவம் இருக்கிறது, ஆகவே ஹோட்டல் பள்ளிக்குப் போங்கள் என்று.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முனைவர் பட்டம் பெற்றவரையா? இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

"புத்தகத்தில் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு தாளில் இருக்கிறது."

ஆசிரியை சன்னலைப் பார்த்தார். விடயத்தைக் கேட்டறிந்த தலைவர் கடைசி வாங்கைப் பார்த்து, அது வெறும் ஆலோசனை, கட்டாயமில்லை, பள்ளியை இப்போதும் மாற்றலாம் என்றார். ஆறு மாதமாக அந்த ஒரு வரியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டில் எதற்கு அதிகம் எரிச்சல்படுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பா எழுந்தார். மன்னிப்புக் கேட்கும் "ஸ்கூசி"யை நாலு தரம் சொல்லிவிட்டு, ஆசிரியையைப் பார்த்தே, "மகள் லிச்சேயோவுக்குப் போவாள்" என்றார். படியிறங்கும்போது என் பக்கம் திரும்பினார். "இனி நீ படியாமல் விட்டியெண்டால் இருக்கு உனக்கு. ரீச்சரை எதிர்த்துக் கதைச்சுப்போட்டு வாறன்."

படித்தேன். பொருளியலாளர் ஆகவில்லை, பகிடி எழுதி, ஆட்களைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறேன். வெகுகாலம் கழித்து அந்த அம்மையாரின் வாழ்க்கையை முழுதாக வாசித்தபோது, பட்டத்தோடு வேலை கேட்டுப் போனவருக்கு முதலில் கொடுக்கப்பட்டது மாணவியர் விடுதியின் சாப்பாட்டுக்கூட மேற்பார்வை என்று இருந்தது. என் புளுகு ஏறக்குறையச் சரி. அங்கே இருந்துகொண்டே அவர் வருடாவருடம் விண்ணப்பம் போட்டிருக்கிறார்; மறுப்புக் கடிதங்களைச் சப்பாத்துப் பெட்டியில் சேர்த்துவைத்து, பேராசிரியரான அன்று அந்தப் பெட்டியைத் தன் அலுவலக அலுமாரியில் கொண்டுபோய் வைத்தாராம்.

நான் படித்த பள்ளி இன்னொரு பள்ளியோடு சேர்க்கப்பட்டுப் பெயரை இழந்துவிட்டது. ஆசிரியையும் இல்லை. அப்பா இப்போது அதே நகரின் ஒரேத்தோ பகுதியில் இருக்கிறார். அவரிடமிருந்த பணிவைத்தான் எங்கு தேடியும் காணவில்லை. போன கிழமை டொக்டர் உப்பைக் குறைக்கச் சொல்ல, அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏன், எவ்வளவு, யார் சொன்னது என்று அரைமணி நேரம் விசாரித்தார். வெளியே வந்தபோது, காத்துக்கொண்டிருந்த பதினொரு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.