மலையில்லாத ஊரின் மலைவயல்

கேம் டிசைன் பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. திருவாரூர் பக்கத்து எங்கள் கிராமத்தில், "இது என்ன வேலைக்குப் படிக்கிறதும்மா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கேம் கம்பெனி, அனிமேஷன், விளம்பரம் என எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்தேன். போன் அதிர்ந்தாலே ஓடிப்போய் எடுப்பேன்.

கடைசியில் ஒரு சென்னை நிறுவனம் வீடியோ காலில் கூப்பிட்டது. நான் கணினியில் செய்த நெல்வயல் காட்சியைக் காட்டினேன். அவசரத்தில், இணையத்தில் கிடைத்த ரெடிமேட் 3டி மாடல்களை அடுக்கிச் செய்தது.

நேர்காணல் செய்த பெண்மணி, "எந்த ஊருங்க?" என்றார்.

"திருவாரூர் பக்கம், மேடம். வீட்ல விவசாயம்தான்."

"அங்க மலை இருக்கா?"

அப்போதுதான் கவனித்தேன். திரையில் என் வயல் படிப்படியாக மலையேறிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் கண் கூசுகிறதென்று நான் சாத்திவைத்திருந்த ஜன்னலுக்கு வெளியே எங்கள் வயல் தட்டையாகக் கிடந்தது.

"சரி, இதுல நீங்க செஞ்சது எது?"

அடுக்கியதைத் தவிர நான் செய்தது எதுவும் இல்லை. வேலையும் கிடைக்கவில்லை.

மறுநாளே வயலில் இறங்கி, தண்ணீர் பாயும் மடையை அளந்து, அதைக் கணினியில் நானே மாடல் செய்தேன். இப்போது எந்த வேலைக்கு அனுப்பினாலும், நானே செய்தது எது, இணையத்தில் எடுத்தது எது என்று எழுதிவிடுகிறேன். போன் அதிர்ந்தால் இன்னும் ஓட்டம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குக் காட்ட ஒரு மடையாவது இருக்கிறது.