எட்டு சதவீதம் மெதுவாக

அருள்பிரகாசம் கடைசிப் பதினான்கு மாதம் பேசவில்லை. தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். ஆகஸ்டில் அவர் இறந்தபோது, மகள் ஷைனியிடம் அவர் குரல் என்று மிஞ்சியிருந்தவை கைபேசியில் மூன்று செய்திகள்: குடை எடுத்துக்கோ. கேஸ் வந்துருச்சா. சரிம்மா.

முப்பதாம் நாள் பூசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஜெரி ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். ஜெரி கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றுகிறவர். அப்பாவின் பால்ய தோஸ்து.

"இன்னா ஷைனி, இத்தப் போட்டுக் கேக்க எதனா கீதா? உங்கப்பன் பாடுனது. வவ்வா கிளப்புல புடிச்சது. ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சிச்சு."

வவ்வா கிளப் என்றால் ராயபுரத்தில் ஐம்பதைத் தொட்டவர்கள் இன்றும் சிரிப்பார்கள். தொண்ணூற்றேழில் ஒரு பழைய ஐஸ் கிடங்கின் மாடியில் ஜெரி தொடங்கியது. பழுதாகி நாற்பது நாள் நின்ற கப்பலின் சமையல்காரன் ஒருவன், ஜெரியிடம் ஒரு பை நிறைய கேசட்டும் நீளமான கறுப்புக் கோட்டும் விட்டுப்போனான். அவன் ஊரில் கோத் என்று ஒரு கூட்டம் உண்டாம். கறுப்பு உடுத்தி, ஆணும் பெண்ணும் கண்ணுக்கு மை தீட்டி, துக்கப் பாட்டுக்கு ஆடுமாம்.

"சாவு வூட்டுல நாம ஆடாததா? வா, ஆடலாம்" என்றாராம் ஜெரி.

பெயர்தான் நைட் கிளப். நடந்தது ஞாயிறு மாலை மூன்றிலிருந்து ஏழு வரை. பெண்பிள்ளைகள் ஏழரைக்குள் வீடு சேர வேண்டும். ஆண்களில் பாதிப் பேருக்கு இரவு ஷிப்ட். அதனால் இரவை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். சன்னல்களில் துறைமுகத் தார்ப்பாய் கட்டினார்கள். வெளியே வெயிலில் கருவாடு காயும், உள்ளே வௌவால் தொங்குகிற கும்மிருட்டு. சட்டைகள் வண்ணாரப்பேட்டையில் எடுத்த குடைத்துணியில் தைத்தவை. வியர்வையில் சாயம் கழுத்துக்கு இறங்கி, திங்கட்கிழமை வரை போகாது. "இன்னா மாமு, ஞாயித்துக்கிழமையும் கரி வாரப் போனியா?" என்று வேலையிடத்தில் கேட்பார்கள்.

அந்த இருட்டில் பாடியவர் அருள்பிரகாசம். வேலை, துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். சொந்தப் பாட்டு ஒன்றும் கிடையாது. சமையல்காரனின் கேசட்டுகளில் இருந்ததைக் கேட்டுக் கேட்டு அப்படியே பாடுவார். டோரதி தோழிகளோடு வேடிக்கை பார்க்க வந்தவள், மறு வருட ஈஸ்டர் கழிந்ததும் அவர் மனைவியானாள். ஷைனி பிறந்த வருடம் கிடங்கை இடித்துவிட்டார்கள். வீட்டில் அவர் பாடியதே இல்லை. கேட்டால், "அதுக்கு இருட்டு வேணும்" என்பார். அப்பா பாடி ஷைனி கேட்டதில்லை.

பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் சாப்பாட்டின்போது அந்தக் குரல் ஒலிக்க வேண்டும். அவள் விரும்பியது அது ஒன்றைத்தான். கேசட்டைக் கணினியில் ஏற்றினாள். முதல் பாட்டின் மூலத்தை இணையத்தில் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். அப்பாவின் பாட்டு தணிந்து, இழுத்துக்கொண்டு வந்தது. அளந்தாள். எட்டு சதவீதம் மெதுவாக ஓடியது.

எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் அவள் கருவியியல் பொறியாளர். தப்புக் காட்டும் அழுத்தமானியைச் சரியான ஒன்றின் பக்கத்தில் வைத்துத் திருத்துவது அவளது அன்றாட வேலை. இதையும் அப்படியே திருத்தினாள். பழைய டேப், இழுத்திருக்கும். வேகத்தை ஏற்றியதும் மூலத்தின் மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. இரண்டு நாள் வேலை. அம்மாவைக் கூப்பிட்டாள்.

டோரதி மீன் கழுவிய கையோடு வந்து, நின்றபடியே பாதிப் பாட்டைக் கேட்டாள்.

"யாருடி இது?"

"டாடி, மம்மி."

"இல்ல. யாரோ சின்னப் பையன். நல்லாத்தான் பாடுறான்." திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஷைனிக்குச் சந்தேகம் வந்தது. கேசட்டே வேறு யாருடையதாகவோ இருந்தால்? மறுநாள் காலை ஜெரியை வரச்சொல்லிப் போட்டுக் காட்டினாள்.

ஜெரி பத்து வினாடி கேட்டார். "இன்னாமா இது, உங்கப்பன் பஸ்ஸப் புடிக்க ஓடிக்கினு கீறானா?"

"ஒரிஜினல் இந்த ஸ்பீடுதான், அங்கிள். நான் சரி பண்ணியிருக்கேன்."

"ஒரிஜினல் இவ்ளோ ஸ்பீடா?" அவர் முகத்தில் நிஜமான திகைப்பு. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தப் பாழாப்போன செட்டு! கிளப்புல இருந்த டேப் ரெக்கார்டர்ல பெல்ட்டு அறுந்து போச்சு. உங்கப்பன்தான் சைக்கிள் டியூப வளையமா வெட்டி மாட்டுனான். அதுல போட்டுக் கேட்டுத்தான் அத்தினி பாட்டும் கத்துக்கினான்."

"மெதுவா ஓடுதுன்னு யாருக்குமே தெரியலையா?"

"அந்தப் பாட்ட வேற எங்கம்மா கேட்டோம்? துக்கப் பாட்டாச்சே, இப்டித்தான் இழுக்கும்னு இருந்துட்டோம். ஒரு தபா கப்பல்காரனுங்க நாலு பேரு வந்தானுங்க. பாட்டு ஆரம்பிச்சதும் ஒருத்தன ஒருத்தன் பாத்து முழிக்கிறானுங்க. முடியறப்போ ஒருத்தன் கண்ணத் தொடச்சிக்கினான். எங்க ஊர்லயே இப்டிப் பாட மாட்டாங்கன்னான்."

"இந்த கேசட்டும் அந்த செட்டுல புடிச்சதா?"

"சேச்சே, இது பங்குச் சாமியாரோட நல்ல செட்டு. கொயர் பிராக்டிஸ்னு சொல்லி வாங்கியாந்தோம்."

அவர் போனதும் ஷைனி, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். பாட்டுக்கு நடுவே ஆம்ப்ளிஃபயரின் ரீங்காரம் கேட்கும் இடத்தை மட்டும் எடுத்து அளந்தாள். மின்சாரத்தின் துடிப்பு அது, வினாடிக்கு ஐம்பது. கேசட்டில் ஐம்பதுதான் இருந்தது. அவள் திருத்தியதில் ஐம்பத்துநாலு. இந்த நாட்டில் எந்தக் கம்பியிலும் ஐம்பத்துநாலு ஓடாது. கேசட்டில் தப்பில்லை. அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்த அளவுகோல்தான் அப்பாவுடையது அல்ல.

திருத்தியதை அழித்தாள். அம்மாவை மறுபடி கூப்பிட்டாள்.

முதல் வரி முடிவதற்குள் டோரதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்போ, மம்மி?"

டோரதி பேசாதே என்று விரலை மட்டும் உயர்த்தினாள்.

முப்பதாம் நாள் மண்டபத்தில் கிளப் ஆட்கள் நாற்பது பேர் இருந்தார்கள். வழுக்கையும் சாய மயிருமாக, பாதிப் பேர் கறுப்பில். ஒருவருக்குப் பழைய குடைத்துணிச் சட்டையில் நடுப் பொத்தான் சேரவில்லை. பாட்டு தொடங்கியது. மைக்செட்காரர் இசக்கிப்பாண்டி நெற்றியைச் சுருக்கினார். அந்தப் பாட்டை அவர் எங்கோ கேட்டிருந்தார்.

"மேடம், பாட்டு இழுக்குது. ஸ்பீடு கொஞ்சம் ஏத்திடவா?" கை மிக்சருக்குப் போனது.

"டேய், அதுல கைய வெச்ச, கைமாதான்!" பின்வரிசையிலிருந்து ஜெரி.

மண்டபம் சிரித்தது. ஷைனி தன் கையை அந்த வேகத் திருகின் மேல் வைத்தாள்.

"வேணாம், அண்ணே. அவரு இப்படித்தான் பாடுவாரு."

பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.