பிரான்சிஸ்காவுக்கு வந்த பொய் வருத்தம்

பேசாலைக் கடற்கரையில் கருவாடு போடும் பிரான்சிஸ்காவுக்குப் பொய் சொல்லவே வராது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. கணவர் சிங்கராசா குடிக்கத் தொடங்கிய ஒன்பது வருடங்களில் அவள் அதில் நன்றாகத் தேறிவிட்டாள். அவர் தொழிலுக்கு எழும்ப முடியாத காலைகளில், படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய்க் காரணம் சொல்வது அவள்தான். காய்ச்சல், நாரிப்பிடிப்பு என்று சொல்லக்கூடிய காரணமெல்லாம் தீர்ந்த பிறகு, நறுவிலிக்குளத்தில் சுகமாக இருந்த சிங்கராசாவின் மாமாவைச் சாகடித்தாள். அடுத்த மாதம் மறந்துபோய் அவரையே மறுபடியும் சாகடித்தாள். முதல் முறை சரியாக அடக்கம் செய்யவில்லையோ என்று சம்மாட்டி முகம் மாறாமல் கேட்டார்.

வீட்டுக்கு வந்து சிரித்தாள். பிறகு அழுதாள். சிங்கராசா கெட்ட மனிதர் அல்ல. படகு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். யார் எதைத் தவறாகச் சொன்னாலும் திருத்தாமல் இருக்க மட்டும் அவரால் முடியாது. பங்குச் சுவாமி பிரசங்கத்தில் ஒரு திகதியை மாற்றிச் சொன்னால்கூட மெல்ல இருமுவார். ஆனால் குடிக்கு வைத்தியம் பார்ப்போம் என்றால், தனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள், "வருத்தம் எனக்குத்தான். மன்னாருக்குக் கிளினிக் போறன், நீங்களும் வாங்கோ" என்றாள். அவர் பதறிப்போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார்.

அங்கே இருந்த தாதி றிஸ்மினா, என்ன செய்கிறது என்று கேட்டார்.

"பொய் சொல்லுறன் மிஸ். இவர் குடிக்கிறதை மறைக்கப் பொய் சொல்லிச் சொல்லி, இப்ப நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு."

றிஸ்மினாவுக்கு விளங்கிவிட்டது. கிழமைக்கு எத்தனை நாள் குடிப்பார் என்று அவளிடமே கேட்டார். இரண்டு நாள் இருக்கும் என்று பிரான்சிஸ்கா வேண்டுமென்றே குறைத்துச் சொன்னாள். சிங்கராசா கதிரையில் நெளிந்தார். இருமினார்.

"அஞ்சு" என்றார்.

காலையில் குடிப்பதுண்டா என்றதற்கு, இல்லவே இல்லை என்றாள்.

"குடிக்கிறனான். இல்லாட்டிக் கை நடுங்கும்." கையை விரித்தும் காட்டினார். காட்டிய பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பிரான்சிஸ்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்படி நடுங்குபவர் வீட்டில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று றிஸ்மினா விளக்கினார். பத்து நாளளவில் ஆகும் என்றார். அளவில் என்றால் எத்தனை என்று சிங்கராசா கேட்டார். பத்துக்கும் பதினாலுக்கும் இடையில் என்ற பிறகே சம்மதித்தார்.

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் மாதம் ஒரு கலியாண வீட்டில் மறுபடியும் குடித்தார். அடுத்த நாள் அவள் வாய் திறக்குமுன் தானே பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போனார். அதற்குப் பிறகு எட்டு மாதமாகத் தொடவில்லை.

மாதாமாதம் இப்போது தனியேதான் போய்வருகிறார். சம்மாட்டி முன்னால் தான் ஒன்பது வருடம் பட்ட கூச்சத்தில் அவருக்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்று அவள், ஆண்கள் கடையில் கேட்கக் கூச்சப்படும் சாமான்களாகப் பார்த்து வாங்கிவரச் சொல்வாள். போன மாதம் உதட்டுச்சாயம். எந்த நிறம் நல்லது என்று கடையில் கேட்க வெட்கப்பட்டு, மூன்று வாங்கி வந்தார்.